திருவிழா முடிந்த பிறகு எண்ணுங்கள்

சாலையில் போகும் வண்டிகளை எப்படி எண்ண வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) என்ற சாலைப் பொறியாளர்கள் அமைப்பு வெளியிட்டது. ஐ.ஆர்.சி. 9, ஆண்டு 1972. நகரத்துக்கு வெளியே இருக்கும் சாலைகளுக்கானது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எண்ண வேண்டும், ஒவ்வொரு தடவையும் தொடர்ந்து 7 நாள், இரவும் பகலும். ஒன்று அறுவடையும் விற்பனையும் மும்முரமாக நடக்கும் காலத்தில், இன்னொன்று மந்தமான காலத்தில். இதுவரைக்கும் சரி. அதோடு இன்னொன்றும் சொல்கிறது: சந்தை, பொருட்காட்சி போல வழக்கத்துக்கு மாறான கூட்டம் இருந்தால் அந்த இடத்தில் எண்ணாதே, சில நாள் தள்ளிப்போடு, நிலைமை வழக்கப்படி ஆனதும் எண்ணு.

ராமநாதபுரம் கடற்கரையில் அந்த வழக்கமான நாளைத் தேடிப் பாருங்கள். தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் கூட்டம். மாசியில் சிவராத்திரி. அதை ஒட்டி கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதே நாட்களில்தான் கோடை விடுமுறைச் சுற்றுலா. அப்புறம் ஆடி அமாவாசை, ஆடித் திருக்கல்யாணம், மகாளய அமாவாசை. ஐப்பசியிலிருந்து மழை, புயல் எச்சரிக்கை, கூண்டு ஏற்றுதல். கார்த்திகையில் தொடங்கினால் தை வரைக்கும் சபரிமலைக்குப் போகிற, போய்விட்டு வருகிற ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். மார்கழியில் உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம். இதற்கெல்லாம் மேல் ஏர்வாடி சந்தனக்கூடு. அது இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருவதால் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருஷம் இதே வாரத்தில் எண்ணியதை இந்த வருஷத்தோடு ஒப்பிடலாம் என்று நினைத்தால், போன வருஷம் அந்த வாரத்தில் சந்தனக்கூடு இருந்திருக்கும், இந்த வருஷம் இருக்காது.

விதிப்புத்தகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறுவடையை வைத்துக் காலத்தைப் பிரித்திருக்கிறார்களே, அதிலேயே தெரிகிறது, எழுதியவர்கள் மனதில் வயலும் களத்துமேடும் மண்டியும் இருந்த ஊர் இருந்திருக்கிறது. அந்த ஊருக்கு அது பொருந்தும். போக்குவரத்துப் புவியியல் படித்துவிட்டு இந்தக் கரையில் ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு முதல் சிக்கல் பணமும் ஆளும் இல்லை. கையில் கொண்டுவரும் கருவிகள் எல்லாமே, ஒரே வீட்டில் குடியிருந்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் மனிதனை நினைத்துச் செய்யப்பட்டவை. இங்கே அந்த மனிதன் இருக்கிறான், இல்லாமல் இல்லை. ஆட்சியர் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வங்கிகளுக்கும் போய் வருகிறான். ஆனால் சாலையை நிரப்புவது அவன் இல்லை.

தண்ணீர் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரச்சட்டத்தில் குடங்கள் உட்காரக் குழி விட்டு, கீழே சிறிய சக்கரங்கள் பொருத்திய தள்ளுவண்டி. ஊற்றோ குழாயோ எங்கே நல்ல தண்ணீர் வருகிறதோ அங்கே பெண்கள் அதைத் தள்ளிக்கொண்டு போய் நிரப்பி வருவார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் இந்த வண்டிகள் சாலையை விட்டுப் போய்விடவில்லை. சாலையின் ஓரத்தில், லாரிக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில், அவை போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது ஒரு மாணவர் சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோடு போட்டு எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பைக், கார், பஸ், லாரி எல்லாம் வெவ்வேறு அளவு என்பதால் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். பி.சி.யூ. என்பார்கள், பயணிகள் கார் அலகு. ஐ.ஆர்.சி. 64, 1990 தரும் பட்டியலில் பைக் 0.5. கார் 1. ஆட்டோவும் 1. பஸ், லாரி 3. மாட்டுவண்டி 8. கைவண்டி 3.

அதாவது குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அக்கா, ஒரு பஸ்ஸுக்குச் சமம். பத்துப் பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோ, ஒருவர் மட்டும் உட்கார்ந்து போகும் காருக்குச் சமம்.

இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. அந்த எண் ஒரு வண்டி சாலையை எவ்வளவு அடைக்கிறது, பின்னால் வருபவரை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை மட்டும் சொல்கிறது. சாலையை எத்தனை அகலம் போட வேண்டும் என்று முடிவு செய்யும் பொறியாளருக்கு அது போதும். யார் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்பது புவியியல்காரரின் வேலை. ஆனால் நம் ஆட்களும் பொறியாளர் பட்டியலை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிட்டு, ‘மெதுவாகச் செல்லும் வாகனங்களால் நெரிசல்’ என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். தண்ணீருக்காக நடந்த ஒரு பயணம் நெரிசலுக்குக் காரணமாக மாறிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் எரிச்சல் தரும் விஷயங்களில் இது முதலாவது.

மீன் விற்கும் பெண்களின் கதை இன்னொரு மாதிரி. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆய்வாளர்களுக்கும் கொண்டாட்டம், ஏனென்றால் பெண்களின் பயணம் என்று தனியாக ஒரு எண்ணிக்கை முதல் தடவையாகக் கையில் கிடைத்தது. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஒரு மீன்கார அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பஸ் இலவசமானது உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன்.

“எங்க தம்பி ஏத்துறாக? கூடையைப் பாத்தாலே நாத்தம்னு மொகத்தச் சுழிக்கிறாக. அதுவுமில்லாம ஏலம் முடியிற நேரத்துக்கு பஸ் ஏது? நாங்க நாலஞ்சு பேரு சேந்து ஆட்டோ பேசிக்கிருவோம். திரும்பி வர்றப்ப வெறுங்கூடைதான, அப்ப பஸ்ல வருவோம்.”

போகும்போது ஆட்டோ, வரும்போது பஸ். காசு கொடுத்துப் போகும் பயணம் எந்தப் பதிவிலும் இல்லை. காசில்லாமல் திரும்பும் பயணம் பதிவாகிறது. அந்தப் பதிவை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த அக்கா ராமநாதபுரத்திலிருந்து தீவுக்கு வரும் பயணியாகத் தெரிவார். வீடு எது, வேலை செய்யும் இடம் எது என்பதே தலைகீழாகிவிடும். பஸ்ஸில் ஏறாதவர்களின் கணக்கு பஸ் டிக்கெட்டில் இருக்காது என்பது யாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் டிக்கெட் விவரம் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அது மறந்துபோகிறது.

ராமேஸ்வரம் தீவு, ஏட்டளவில், எங்கள் துறைக்குக் கிடைத்த வரம். ஒரு பகுதிக்குள் எவ்வளவு பேர் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்க அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு, கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு சாலையிலும் ஆள் வைத்து எண்ணுவார்கள். மதுரை மாதிரி ஊரில் இதைச் செய்ய எத்தனை சந்து பொந்து அடைக்க வேண்டும்! ராமேஸ்வரத்துக்கு ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம். அவ்வளவுதான். 1914 முதல் ரயில், 1988 அக்டோபர் 2 முதல் சாலை. மண்டபம் பக்கம் நாலு பேரை உட்கார வைத்தால் தீவுக்குள் நுழையும் ஒவ்வொரு சக்கரத்தையும் எண்ணிவிடலாம். நம்பர் பிளேட்டை எழுதிக்கொண்டால் கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா, உத்தரப்பிரதேசம் என்று மாநில வாரியாகப் பிரித்தும் விடலாம். எத்தனை மணிக்கு உள்ளே போன வண்டி எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று கழித்துப் பார்த்தால் யார் இரவு தங்கினார், யார் குளித்து, தரிசனம் முடித்து, தனுஷ்கோடி பார்த்துவிட்டு அன்றே திரும்பினார் என்பது வரைக்கும் கிடைக்கும்.

கிடைக்கும், ஆனால் பாலத்தின் மேல் நடப்பதே வேறு. பாம்பன் சாலைப் பாலம் வெறும் கடந்துபோகும் வழி இல்லை, அதுவே சுற்றுலாத் தலம். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, ரயில் பாலத்தைப் பார்த்து, படம் எடுத்து, வேர்க்கடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். பயண நேரம் என்று நாம் அளப்பதில் பாதி வேடிக்கை நேரம். நேரம் என்பது செலவு, அதைக் குறைப்பதுதான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளும் சூத்திரங்கள் அந்த இடத்தில் வாயடைத்துப் போகின்றன. பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் அதே நிமிஷங்களுக்கு வேறு விலை. இரண்டையும் ஒரே சராசரியில் போட்டால் யாருக்குமே பொருந்தாத ஒரு எண் வரும்.

ஊர்களுக்கு இடையே எவ்வளவு போக்குவரத்து இருக்கும் என்று கணிக்க ஈர்ப்பு மாதிரி என்று ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டு ஊரின் மக்கள்தொகை பெரிதாக இருந்தால் போக்குவரத்து அதிகம், நடுவில் தூரம் கூடினால் குறைவு. 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரத்தின் மக்கள்தொகை 45 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு, பரமக்குடிக்கு 95 ஆயிரத்துச் சொச்சம். சூத்திரப்படி பரமக்குடிதான் பெரிய காந்தம். காசியிலிருந்து கங்கை நீர் எடுத்துக்கொண்டு, சமையல்காரரையும் சிலிண்டரையும் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இத்தனை நூறு மைல் வருகிறவர்களை அந்தச் சூத்திரம் எதில் சேர்க்கும்? மக்கள்தொகைக்குப் பதிலாக கோயிலில் 22 தீர்த்தம் ஆட விற்கும் சீட்டுகளின் எண்ணிக்கையைப் போட்டுப் பார்க்கலாம். வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் குத்தகைதாரரின் ரசீதுப் புத்தகம் இன்னும் நல்லது. பந்தோபஸ்துக்காகக் காவல்துறை போடும் வண்டிக் கணக்கும் உதவும். இவை எல்லாம் எங்கேயோ ஒரு மேஜை டிராயரில் இருக்கின்றன. ஆய்வுக்கு என்று சேகரித்தவை இல்லை என்பதால் ஆய்வாளர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். குத்தகை விஷயம் என்பதால் எல்லோரும் காட்டவும் மாட்டார்கள்.

பாம்பனைப் பற்றிப் பேசிவிட்டு அந்த இரண்டேகால் வருஷத்தை விட முடியாது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு புதிய பாலம் திறந்தது. நடுவில் ரயில்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலுமே நின்று திரும்பின. ஒரு தீவுக்கு இருந்த இரண்டு கதவுகளில் ஒன்றை மூடி, பிறகு திறந்து பார்ப்பது மாதிரி ஒரு சோதனையைப் பணம் கொடுத்தாலும் யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. தானாக அமைந்தது.

அதை அளப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மண்டபம் வரை டிக்கெட் எடுத்தவர் எத்தனை பேர் என்று ரயில்வேக்குத் தெரியும். அவர்களில் மண்டபத்துக்காரர் யார், ராமேஸ்வரம் போகிறவர் யார் என்று டிக்கெட்டில் இல்லை. இறங்கியவர்கள் பஸ் ஏறினால் அந்தச் சீட்டுகள் உள்ளூர்க்காரர்களின் சீட்டுகளோடு கலந்துவிடும். ஆட்டோவிலும் வேனிலும் போனால் சீட்டே இல்லை. பாலம் இல்லாததால் வராமலே இருந்துவிட்டவர்கள், ரயிலை விட்டுவிட்டு ஊரிலிருந்தே வேன் பிடித்து வந்தவர்கள், இவர்களை எங்கே தேடுவது? ரயில்வே ஒரு துறை, பஸ் ஒரு துறை, தேசிய நெடுஞ்சாலை வேறு, நகராட்சி வேறு. ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் சரியாகவே எண்ணுகிறார்கள். பயணி மட்டும் இந்த எல்லைகளைத் தாண்டிப் போகிறார். வேகமாக வளரும் ஊர்களில் எங்கேயும் இந்தச் சிக்கல் உண்டு என்றாலும், பெரிய நகரம் என்றால் எல்லாவற்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர ஒரு அமைப்பாவது இருக்கும்.

நமக்கு அது ஏன் இல்லை என்பதற்கு எளிய விடை உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகை உள்ள ஊர் ஒன்றுகூட இல்லை. மாவட்டத்தில் நகர்ப்புற மக்கள் சுமார் 30 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 48 சதவீதத்துக்கு மேல். நகரப் போக்குவரத்துத் திட்டங்கள், நிதி, ஆய்வு எல்லாம் பெரிய ஊர்களை நோக்கியே போகும். இங்கே நகரமாவது ஒரு ஊர் பெரிதாவதால் நடக்கவில்லை. சாலை நீளத்துக்கு நடக்கிறது. ராமநாதபுரம் நகராட்சி எல்லைக்கு வெளியே பட்டணம்காத்தானைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகமே அந்தப் பக்கம்தான்; கிழக்குக் கடற்கரைச் சாலைச் சந்திப்பு, ஹோட்டல்கள், ஷோரூம்கள், மனைப்பிரிவுகள் என்று எப்போதோ நகரமாகிவிட்டது. ஆனாலும் பல வருஷம் ஊராட்சி என்ற பெயரில்தான் இருந்தது. பெரியபட்டினம், தேவிபட்டினம், உச்சிப்புளி, எந்தத் திசையில் போனாலும் சாலையை ஒட்டி இரண்டு கடை ஆழத்துக்கு நகரம், அதற்குப் பின்னால் பனையும் கருவேலமும்.

கணக்கெடுப்பில் ஒரு கிராமத்தை நகரம் என்று சொல்ல மூன்று நிபந்தனை: 5,000 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். மூன்றாவதைக் கவனியுங்கள். இங்கே ஒரு வருவாய்க் கிராமத்தின் பரப்பளவில் கண்மாய் உண்டு, உப்பளம் உண்டு, மணல்மேடு உண்டு. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து இருந்தாலும், ஆள் எண்ணிக்கையைக் கண்மாய்ப் பரப்பையும் சேர்த்து வகுத்தால் அடர்த்தி குறைந்துதான் வரும்.

பழைய கணக்கோடு ஒப்பிடலாம் என்றால் அதிலும் ஒரு வெட்டு. 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. 1981 கணக்கெடுப்பின் ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்பதில் சிவகாசியும் காரைக்குடியும் சேர்ந்தே இருக்கும். தாலுகா வாரியாக உட்கார்ந்து பிரித்து எடுக்காவிட்டால், நகரமயமாதல் பின்னோக்கிப் போனது மாதிரி ஒரு வரைபடம் வரும். புதிய கணக்கெடுப்புக்கோ 2027 மார்ச் 1 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இன்றைய சாலையைப் பற்றிய கேள்விகளுக்கு 2011-ஐக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்ததே 2017-இல்தான்.

சரி, வீட்டுக்கு வீடு போய் நாமே கேட்டுவிடலாம் என்று கிளம்பினால் கீழக்கரை நம்மைத் திருப்பி அனுப்பும். கோபமாக இல்லை, டீ கொடுத்து. மாணவி ஒருவர் படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டார்: வீட்டில் எத்தனை பேர்?

“எந்த மாசத்துல கேக்குறீக?” என்றார் அந்த வீட்டு லாத்தா. அவருடைய மாப்பிள்ளை, அதாவது கணவர், துபாயில். மூத்த மகன் சவூதியில். மருமகன் லீவில் வந்திருக்கிறார், அடுத்த வாரம் கிளம்புகிறார். இளையவன் சென்னையில் படிக்கிறான். வாசலில் கார் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை, தேவைப்பட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து டிரைவர் வருவார்.

படிவத்தில் குடும்பத் தலைவரின் தினசரிப் பயணம் என்று ஒரு பக்கமே இருக்கிறது. தலைவர் கடைசியாகப் பயணம் செய்தது மதுரை விமான நிலையத்துக்கு. அந்த ஒரு பயணத்துக்கு இரண்டு வேன் நிறைய உறவுக்காரர்கள் போய் வந்திருக்கிறார்கள். கேள்வித்தாள் ‘நேற்று நீங்கள் செய்த பயணங்கள்’ என்று கேட்கும். நேற்று யாரும் எங்கும் போகவில்லை. கார் உள்ள, வருமானம் உள்ள வீடு அதிகம் பயணம் செய்யும் என்பது பாடப்புத்தகம். இங்கே கார் உள்ள வீட்டின் பெண்கள் மாதத்தில் எத்தனை தடவை தெருமுனையைத் தாண்டுகிறார்கள் என்பது வேறு கணக்கு, அதைக் கேட்கத் தனிப் பக்குவம் வேண்டும். பெண் ஆய்வாளர்கள் போனால்தான் அந்தப் பேச்சே தொடங்கும். அதையும் ஆய்வு நிதியில் ஒரு செலவுத் தலைப்பாகப் போட வேண்டும், பெரும்பாலும் போடுவதில்லை.

கடலுக்கு வருகிறேன். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்பது பழைய ஏற்பாடு. சாலைக் கணக்கெடுப்புகளிலோ ‘வார நாள்’ என்று ஒன்று, ‘விடுமுறை நாள்’ என்று ஒன்று. செவ்வாயும் புதனும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். விசைப்படகு கரைக்கு வரும் நாளில் ஐஸ் வண்டிகள், ஏலக்காரர்கள், கேரளாவுக்குக் கிளம்பும் மீன் லாரிகள் என்று மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் சாலையின் முகமே வேறு. அதுவும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னால். காலை 6 மணிக்குக் கணக்கு ஆரம்பிக்கிறவர் அதில் வாலைத்தான் பார்ப்பார்.

கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்காவிட்டால் படகு போகாது. புயல் சின்னம் இருந்தால் டோக்கன் இல்லை. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்து வேலைநிறுத்தம். ஆக, கடலில் ஒரு ராத்திரி நடந்த கைது அடுத்த சில நாட்களுக்கு 87-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் லாரி எண்ணிக்கையில் தெரியும். தெரியும் என்றால், காரணம் தெரிந்தவருக்கு மட்டும். மற்றவருக்கு அது வெறும் ஏற்ற இறக்கம். சராசரி போட்டு நிரவிவிடுவார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள், 2011-இல். விவசாயிகளிடமும் விவசாயக் கூலிகளிடமும் இல்லை, ‘இதர தொழிலாளர்’களிடம். நீர்வழிப் போக்குவரத்து என்று ஒரு வகையும் அதில் உண்டு. ஆனால் வலை இழுக்கிறவருக்கு வேலை செய்யும் இடம் எது? படகு கட்டியிருக்கும் கரையா, வலை போட்ட இடமா? கரை என்றால் நடந்து போகிறவர். வலை என்றால் மாவட்டத்திலேயே தினமும் அதிக தூரம் போய் வருகிறவர்களில் ஒருவர்.

மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று செயற்கைக்கோள்காரர்கள் சொல்வார்கள். அதில் நிறைய உண்மை உண்டு, இன்று எந்த மாணவரும் மடிக்கணினியில் உட்கார்ந்து முப்பது வருஷக் கட்டட வளர்ச்சியை வரைந்துவிடலாம். ஆனால் கட்டடத்தைப் பிரித்துக் காட்டும் வழக்கமான குறியீடுகள் காய்ந்த வெற்று நிலத்தையும் கட்டடம் என்று காட்டிவிடும். கோடையில் வறண்ட கண்மாயும் வெள்ளை மணலும் உப்பளமும் இருக்கிற ஊரில் அதன் விளைவு எப்படி இருக்கும்? வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் ஒரு நகரம் முளைத்திருக்கும் வரைபடம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். செல்போன் தரவும் அப்படித்தான். நிறுவனங்கள் கொடுப்பது அபூர்வம். கொடுத்தாலும் போன் வைத்திருக்கிறவரை மட்டும் காட்டும். அரிச்சல்முனையில் நின்றால் சில நேரம் போன் இலங்கை டவரைப் பிடித்து வணக்கம் சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இந்தக் கரையைக் கடந்து போன மனிதர்களை ஆள் ஆளாக எண்ணியிருக்கிறார்கள். மண்டபம் கேம்ப் என்று இன்றும் சொல்கிறோமே, அது தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப இலங்கை அரசு நடத்திய முகாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் முன் அங்கே தங்க வேண்டும். பெயர், ஊர் என்று எழுதி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். அவர்கள் பயணத்தின் மேல் இருந்த அக்கறையில் இல்லை, காலரா, பிளேக் மேலிருந்த பயத்தில். கட்டுப்படுத்த நினைக்கும்போதுதான் அரசுகள் ஒழுங்காக எண்ணுகின்றன என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இன்றைய சோதனைச் சாவடிகளும் சுங்கச் சாவடிகளும்கூட அதைத்தான் காட்டுகின்றன.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், நேரம் குறைவு. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்குவழிச் சாலையாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 1,853 கோடி ரூபாய்ச் செலவில். சாலை வந்த பிறகு என்ன மாறியது என்று எல்லோரும் எழுதுவார்கள். மாறுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று அப்போது யாராலும் எண்ண முடியாது. மதுரையிலிருந்து வரும் வண்டி வேகமாக வரும், அது சாலை போடுவதற்கு முன்பே தெரியும். சத்திரக்குடியில் பஸ் ஏறுகிறவர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும், தண்ணீர் வண்டி நடுத்தடுப்பை எங்கே தாண்டும், ஷேர் ஆட்டோ சர்வீஸ் சாலையில் எத்தனை கிலோமீட்டர் சுற்றும் என்பதையெல்லாம் இன்றைய நிலையோடு ஒப்பிடத்தான் கணக்கு வேண்டும்.

அதனால் நாங்கள் சில பேர் படிவத்தை மாற்றிக்கொண்டோம். தேதி, கிழமைக்குக் கீழே நாலு கேள்வி சேர்த்தோம். இன்று விசைப்படகு நாளா, நாட்டுப்படகு நாளா? டோக்கன் கொடுத்தார்களா? அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது? பக்கத்தில் எந்த ஊரில் என்ன விசேஷம்? வண்டிக்கு எதிரே ஆள் எத்தனை என்று ஒரு கட்டம், கைவண்டிக்கு எதிரே குடம் எத்தனை என்று ஒரு கட்டம். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, “குடத்தை மென்பொருளில் எதில் போடுவீர்கள்?” என்று கேட்டார். ‘இதர’ என்பதில் போட்டு வைத்திருக்கிறோம். விடியற்காலை 3 மணியிலிருந்து எண்ண வேண்டும், பெண்களும் குழுவில் இருக்க வேண்டும், சந்தனக்கூடு நாளிலும் எண்ண வேண்டும். மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் மாணவர்கள் கிடைத்துவிட்டார்கள். சாயல்குடிக்கும் தொண்டிக்கும் இன்னும் ஆள் வேண்டும்.